வெண்ணெய் எத்தனை நாள் தாங்கும்?

பாடுபட்டுக் கறந்து, காய்ச்சி, உறை ஊற்றி, கடைந்து எடுத்த வெண்ணெய் விலைக்குப் போகும் தறுவாயில் கெட்டுப்போகுமாயின், அந்நஷ்டம் மாடு வைத்திருப்பவரோடு நின்றுவிடுவதில்லை. வெண்ணெயை விற்கும் விவசாயியும் நம் அங்கத்தினர். அதை வாங்கித் தம் குழந்தைக்குக் கொடுக்கும் நெசவாளரும் நம் அங்கத்தினர். ஒருவருடைய பொருள் கெட்டால் மற்றவருடைய நம்பிக்கை கெடும். ஆகவே, வெண்ணெய் எத்தனை நாள் தாங்கும், கெட்டதை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை இரு சாராரும் அறிந்திருத்தல் அவசியம்.

வெண்ணெய் முழுவதும் கொழுப்பே என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கடைகளில் விற்கும் உப்பிட்ட வெண்ணெயில் கொழுப்பு 80 சதவிகிதத்துக்குக் குறையலாகாது. நீர் 16 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது. இது நம் நாட்டு உணவுச் சட்டத்தின் விதி. வீட்டில் கடையும் வெண்ணெயில் நீர் இதனினும் மிகுதியாக இருப்பதுண்டு. அந்நீரோடு மோரின் மிச்சமும் கலந்திருக்கும். கேடு தொடங்கும் இடம் இதுவே.

கெடுதல் இரு வழிகளில் நிகழ்கிறது. மோர் மிச்சத்தில் வளரும் நுண்ணுயிர்கள் கொழுப்பைப் பிளக்கின்றன. அப்போது வெளிப்படும் ப்யூட்ரிக் அமிலமே கெட்ட வெண்ணெயின் சிக்கு நாற்றத்துக்கு முக்கிய காரணம். மற்றொன்று, காற்றிலுள்ள பிராணவாயு கொழுப்புடன் கூடுவது. வெளிச்சமும் உஷ்ணமும் இதனை விரைவுபடுத்தும்; செம்பும் இரும்பும் அவ்வாறே. ஆதலின் ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வெண்ணெயை வைத்தலாகாது. மண் கலயம், பீங்கான் ஜாடி, எவர்சில்வர் பாத்திரம் ஆகியவை ஏற்றவை. வெண்ணெய் பிற வாடைகளை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், வெங்காயம், கருவாடு, சாயப்பொடி ஆகியவற்றின் அருகில் வைக்க வேண்டா.

இனி நாள் கணக்கு. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். நம் கோடையோ அதனைக் கடந்தது. அக்காலத்தில் உப்பிடாத வீட்டு வெண்ணெயை வெளியே வைத்து ஒரு நாளுக்கு மேல் நம்புவதற்கில்லை. குளிர்ந்த நல்ல நீரில் அமிழ்த்தி, நீரைத் தினம் இருமுறை மாற்றினால் மேலும் ஓரிரு நாள் தாங்கும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நன்றாயிருக்கும். உப்பிட்ட கடை வெண்ணெய்க்கு உறையில் அச்சிட்ட தேதியே வழிகாட்டி. பிரித்தபின் குளிர்பெட்டியில் மூடி வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுதல் நலம்.

கெட்டதை அறியக் கண், மூக்கு, நாக்கு ஆகிய மூன்றும் போதும். கத்தியால் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். மேற்புறம் மட்டும் உள்ளிருப்பதைவிட அடர்ந்த மஞ்சளாயிருந்தால் காற்றுப்பட்டு உலர்ந்து பழையதாகிவிட்டது எனக் கொள்க. பச்சை அல்லது கறுப்புப் புள்ளிகள் பூஞ்சையின் அடையாளம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தை உண்ணலாகாது. நல்ல வெண்ணெயில் இலேசான தயிர் மணம் இருக்கும். கடும் புளிப்பு நாற்றம், சோப்பு வாடை, மீன் வாடை ஆகியவை ஆகா. மணத்தில் ஐயமிருந்தால் மட்டும் நாக்கு நுனியில் சிறிது வைத்துப் பார்க்கலாம். கசப்போ காறலோ தோன்றினால் துப்பிவிட வேண்டும்.

சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லுமிடங்களில் நாம் அடிக்கடி காணும் வழக்கம் ஒன்று உண்டு. சந்தை நாள் வரும் வரையில், வாரம் முழுதும் கடைந்த வெண்ணெயை ஒரே கலயத்தில் சேர்த்து வருகின்றனர். திங்களன்று எடுத்தது சனிக்கிழமை எடுத்ததையும் கெடுத்துவிடுகிறது. வாங்குபவர் மேலே முகர்ந்து பார்த்து முழுக் கலயத்துக்கும் விலையைக் குறைக்கிறார். இதனைத் தவிர்க்க வழி எளிது. கடைந்தவுடன் வெண்ணெயைக் குளிர்ந்த நீரில், கழுவும் நீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை பிசைந்து கழுவுக. ஒவ்வொரு நாளின் வெண்ணெயையும் தனிக் கலயத்தில் இட்டு, கடைந்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுக.

இரண்டு நாளில் விலை போகாத வெண்ணெயை, கெடுமுன்பே உருக்கிவிடுக. 80 சதவிகிதக் கொழுப்புள்ள ஒரு கிலோ வெண்ணெயில் ஏறக்குறைய 800 கிராம் நெய் தேறும். நீர் வற்றிவிடுவதால் நெய், ஈரக் கரண்டி படாமல் மூடிவைத்தால், மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் நாறிய வெண்ணெயை உருக்கினால் நாறிய நெய்யே கிடைக்கும். அடுப்பு அதனைத் திருத்தாது. அத்தகைய நெய்யை நல்ல நெய்யோடு கலந்து விற்பது, சக அங்கத்தினரை வஞ்சிப்பதாகும்.

ஊத்துக்குளி வெண்ணெய்க்குத் தமிழகமெங்கும் பெயர் உண்டு. அத்தகைய பெயர் ஒரே நாளில் வருவதன்று. ஒரு கலயம் கெட்ட வெண்ணெயால் கெடக்கூடியது. தேதிச் சீட்டுக்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் காகிதமே. அதனை வரும் சந்தை நாளிலிருந்தே தொடங்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.