45 நாள் சட்டத்துக்கு மார்ச்சில்தான் விழிப்பு

மார்ச் 31 நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: “45 நாளில் பணம் தரச் சட்டம் இருக்கிறதே, பொருள் தயாரிக்கும் ஸ்டார்ட்அப்கள் மட்டும் ஏன் படுத்துவிடுகின்றன? ஆப் செய்கிறவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?”

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பம்ப்செட்டை செல்போனில் இயக்கும் கன்ட்ரோலர், ஆயிரம் பீஸ். வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிபாகம் 10 லட்சம் ரூபாய். முழுப் பணத்தையும் கட்டினால்தான் சரக்கு கிளம்பும். துறைமுகத்தில் ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 1.8 லட்சம். அசெம்பிளி, டெஸ்டிங் முடித்து, பெரிய கம்பெனி ஒன்றுக்கு 15 லட்சத்துக்கு பில் போடுகிறார்கள். அதற்கு ஜிஎஸ்டி 2.7 லட்சம், முன்பு கட்டியதைக் கழித்தால் மீதி 90 ஆயிரம். அதை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும், வாங்கியவர் ஒரு ரூபாய்கூடத் தராவிட்டாலும். இந்த நேரத்தில் இரண்டாயிரம் பீஸுக்கு ஆர்டர் வந்தால் ஊர் வாழ்த்தும், ஓனருக்கு வயிற்றைக் கலக்கும். பழைய பணம் வரவில்லை, புதிதாக இரண்டு மடங்கு போட வேண்டும். ஆப்பில் ஆயிரம் பேர் கூடுதலாகச் சேர்ந்தால் சர்வர் வாடகை கொஞ்சம் ஏறும். சந்தாவோ முன்கூட்டியே வந்துவிடும்.

சட்டம் காப்பாற்றாதா? குறு, சிறு உற்பத்தியாளர்களின் கவசம் என்று அரசு சொல்லும் வருமான வரிச் சட்டப் பிரிவு (1961 சட்டத்தில் 43பி(எச்)) செய்வது இவ்வளவுதான்: ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவைக் கணக்கில் காட்ட முடியும். மே மாத பில்லை மார்ச் 30-ல் தீர்த்தாலும் அதே ஆண்டுதான். பத்து மாதம் இழுத்தடித்தவருக்கு வருமான வரியில் காலணா நஷ்டமில்லை! தாமதத்துக்கு வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க, குறு, சிறு தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்குமா என்பதுதான் பயம். இதே ஸ்டார்ட்அப், தனக்கு அச்சு வார்த்துத் தரும் சிறு பட்டறைக்குக் கெடுவும் மார்ச்சும் தாண்டி பாக்கி வைத்தால், அதே பிரிவு இவர்கள் மேலும் பாயும்.

மற்ற கேள்விகள்:

தயாரிப்பில் பிழை வந்தால்? ஆப்புக்கு இரவோடு இரவாக அப்டேட். கன்ட்ரோலருக்குப் போக வரக் கூரியர்.

நன்றாக விற்றால் பிழைக்கலாமா? பெபிள் 20 லட்சத்துக்கும் மேல் ஸ்மார்ட்வாட்ச் விற்றது. 2016 டிசம்பரில் கடையை மூடியது.

ஸ்டார்ட்அப் இந்தியாவின் மூன்றாண்டு வருமான வரி விலக்கு? முதலில் லாபம் வரட்டும்.