ஜமக்காளம் நீடித்து உழைக்க...

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. உடுத்தும் துணிமீது இத்தனை அக்கறை காட்டும் நாம், உட்காரும் துணியை எண்ணிப் பார்க்கிறோமா? விருந்தினர் வந்தால் விரிக்கிறோம்; அவர்கள் போனதும் மடித்துப் பரணில் போடுகிறோம். அந்த ஜமக்காளத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. அதை நீட்டுவதும் குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. இந்த உண்மையைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு தவறு செய்த பிறகே தெரிந்துகொண்டோம்.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். ஆண்டு விழா முடிந்ததும், சின்னஞ்சிறு தங்கைகள் அமர்ந்திருந்த பெரிய ஜமக்காளத்தை எடுத்து வைக்கும் பொறுப்பு எங்களிடம் தரப்பட்டது. அதன் நடுவில் யாரோ எலுமிச்சைச் சாற்றைக் கொட்டியிருந்தார்கள். எங்களுக்கோ வீட்டுக்குப் போகும் அவசரம்! "தானாகக் காய்ந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே நான்காய் மடித்து, பொருள் அறையில் திணித்துவிட்டு ஓடினோம்.

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் அதைப் பிரித்தபோது நாற்றம் முகத்தில் அடித்தது. சிவப்புப் பட்டை முழுவதும் கரும்புள்ளிகள். இனிப்பைத் தேடி வந்த எலி ஒரு மூலையைக் கடித்துக் குதறியிருந்தது. தலைமையாசிரியைச் சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. "இதை நெய்தவர்கள் பார்த்தால் என்னம்மா நினைப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களுள் ஒருத்தி தலை குனிந்தவள் நிமிரவே இல்லை. அவளுடைய தாத்தா பவானியில் பல ஆண்டுகள் ஜமக்காளம் நெய்தவர். முதுமை காரணமாக இப்போது அவர்கள் வீட்டோடு இருக்கிறார். அவரிடமே வழி கேட்டு வரும்படி அவளை அனுப்பினோம்.

ஈரோடு மாவட்டத்தில், காவிரியும் பவானி ஆறும் கூடும் இடத்தில் உள்ள ஊர் பவானி. தடித்த பருத்தி நூலில், பல நிறப் பட்டைகளோடு அங்கே நெய்யப்படும் ஜமக்காளம் 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்கிறார்கள். அகலமான விரிப்பு என்றால் ஒரே தறியில் இருவர் அமர்ந்து, நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொள்வார்களாம். ஊடை நூல் பாவு நூலை முழுவதும் மறைத்துவிடுவதால் ஜமக்காளத்துக்கு மேல்புறம், அடிப்புறம் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. இருபுறமும் விரிக்கலாம். ஜமக்காளத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்யவேண்டும் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒதுக்கீடும் உண்டு. ஆயினும் விசைத்தறி விரிப்புகள் மலிவாகக் கிடைப்பதால் கைத்தறி நெசவாளர் துன்பப்படுகின்றனர்.

தாத்தா சொல்லியனுப்பிய முதல் செய்தி இதுதான்: "ஜமக்காளம் மிதிப்பதால் கெடுவது கொஞ்சம். மண்ணும் ஈரமும்தான் அதைத் தின்னும்."

இது எப்படி என்று எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார்கள். மணல் துகள் பருத்தி நூலைவிட மிகக் கடினமானது. கூரிய முனைகளும் உடையது. அது நூல்களுக்கு இடையே இறங்கித் தங்கிவிடுகிறது. மேலே நாம் நடக்கும்போதெல்லாம் சின்னஞ்சிறு அரம்போல் நூலை அறுக்கிறது. ஈரமோ பூஞ்சணத்தை வளர்க்கிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். பூஞ்சணத்துக்கு அது உணவு! கரும்புள்ளி வெறும் கறையன்று. நூல் அரிக்கப்படுவதன் அடையாளம். இவ்விரு பகைவரையும் விலக்கினால் ஜமக்காளம் நெடுங்காலம் உழைக்கும்.

முதலில் மண்ணை விலக்கும் வழி. செருப்பை வாசலிலேயே விடவேண்டும். கால் துடைக்க ஒரு மிதியடி போடவேண்டும். விரித்தே இருக்கும் ஜமக்காளத்தை நாள்தோறும் மென்மையான துடைப்பத்தால் பட்டைகளின் போக்கிலேயே பெருக்கவேண்டும். தூசு உறிஞ்சும் இயந்திரம் உள்ள வீடுகளில் அதைப் பயன்படுத்தலாம்; ஓரக் குஞ்சங்கள் மட்டும் அதில் சிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வாரம் ஒருமுறை வெளியே கொண்டுபோய், இருவர் இருபுறமும் பிடித்து உதறவேண்டும். மாதம் ஒருமுறை கம்பியின்மேல் போட்டு, அடிப்புறத்தை வெளியே வைத்து, பிரம்பால் இலேசாகத் தட்டலாம். எப்போதும் ஒரே இடத்தில் மிதிபடாமல் இருக்க, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தலைமாற்றியும் புரட்டியும் விரிப்பது நல்லது.

அடுத்து, கறைகள். எது கொட்டினாலும் உடனே கவனிக்கவேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கறை நூலுக்குள் இறங்கிப் பரவும். உலர்ந்த பருத்தித் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்கவேண்டும். பால், முட்டை, இரத்தம் ஆகியவற்றுக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் பட்டால் அவற்றிலுள்ள புரதம் உறைந்து நூலைப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் சிந்தினால் மாவையோ முகப்பவுடரையோ தூவிச் சற்று நேரம் ஊறவிட்டுப் பெருக்கிவிடவேண்டும். மெழுகுவர்த்தி உருகி விழுந்தால் அதன்மேல் பனிக்கட்டியை வைத்து, கெட்டியானதும் மழுங்கிய கத்தியால் சுரண்டலாம். மீதியின்மேல் உறிஞ்சுதாளை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் மெழுகு தாளுக்கு வந்துவிடும்.

மஞ்சள் கறையைப் பற்றிச் சொல்லவேண்டியது சுவையானது. சோப்புப் போட்டதும் அது சிவப்பாகிவிடும்! நம் ஆய்வுக்கூடத்தில் மஞ்சள்தாள் காரத்தில் சிவப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே வேதியியல்தான். அஞ்ச வேண்டாம். நன்றாக அலசிவிட்டுக் கறை உள்ள பகுதியை மட்டும் சிறிது நேரம் வெயிலில் காட்டினால் மஞ்சள் வெளுக்கும். வெளுக்கும் தூளை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்; அது கறையோடு சாயத்தையும் கொண்டுபோய்விடும்.

ஜமக்காளத்தை அடிக்கடி துவைக்கவேண்டியதில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். முதலில் வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் நீரில் ஊறவைக்கக் கூடாது. ஒட்டாவிட்டால் பூந்திக்கொட்டை நீரிலோ மென்மையான சோப்பு நீரிலோ நனைத்து, தளத்தில் விரித்து, தூரிகையால் பட்டையின் போக்கில் தேய்த்து, சோப்பு முழுவதும் போகும்வரை அலசவேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. நீர் ஏறிய ஜமக்காளம் மிகவும் கனக்கும். ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் இழுபட்டு வடிவம் கெடும். இரண்டு மூன்று கொடிகளின்மேல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் உலர்த்தவேண்டும். கடும் வெயில் சாயத்தை மங்கச் செய்யும்.

எடுத்து வைக்கும் முறைதான் எங்களைக் கவிழ்த்தது! மடித்தால் மடிப்பு விழும் அதே கோட்டில் நூல் நைந்துபோகும். ஆகவே பாயைப்போல் சுருட்டவேண்டும். முற்றும் உலர்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்த பின்பே சுருட்டவேண்டும். காய்ந்த வேப்பிலையை உள்ளே தூவி, பழைய பருத்திப் புடவையால் சுற்றி, தரையில் படாமல் பலகைமேல் வைக்கலாம். பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஈரம் உள்ளேயே அடைபடும். இராமபாணப் பூச்சி குடியேறாதிருக்க மாதம் ஒருமுறை பிரித்துக் காற்றாடவிடுவதும் அவசியம். கம்பளி விரிப்பு வைத்திருப்போர் அந்துப் பூச்சியையும் கவனிக்கவேண்டும்; அதன் புழு கம்பளியைத்தான் விரும்பித் தின்னும்.

இவற்றையெல்லாம் கேட்டறிந்து மூன்று சனிக்கிழமைகள் உழைத்தோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியில் வைத்துப் பூஞ்சணத்தைத் துடைத்தோம், துவைத்தோம், உலர்த்தினோம். எலி கடித்த மூலையை நேராக வெட்டி, தையல் வகுப்பில் கற்றபடி தடித்த நூலால் ஓரம் தைத்தோம். நாற்றம் போயிற்று. கரும்புள்ளிகள் மங்கினவே தவிர மறையவில்லை.

இவ்வாண்டு விழாவுக்கு எங்கள் தோழி தாத்தாவை அழைத்து வந்திருந்தாள். அவர் குனிந்து எங்கள் தையலைத் தடவிப் பார்த்தார். "தையல் கோணல்தான். ஆனால் தாங்கும்" என்றார். விழா முடிந்ததும் நாங்கள் ஓடவில்லை. ஜமக்காளத்தை உதறி, கைவைத்துப் பார்த்து, ஈரமான ஓர் ஓரம் உலரும்வரை காத்திருந்து, சுருட்டி வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினோம்.

அன்புத் தோழியரே! ஒரு ஜமக்காளத்தை நெய்யப் பிறர் பல நாள் கைவலிக்க உழைக்கிறார்கள். அதைக் காக்க நமக்கு ஒரு கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தை மறுக்கலாமா?

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி