மாற்று ராக் பாடல் வரிகளின் மறைபொருள்

மாற்று ராக் பாடல் வரிகளின் மறைபொருள் என்பது, ஆல்டர்நேட்டிவ் ராக் எனப்படும் இசை வகையைச் சேர்ந்த பாடல்களில் சொற்களின் நேர்ப்பொருளுக்கு அப்பால் உணர்த்தப்படும் கருத்தைக் குறிக்கும். இவ்விசை 1980களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சிறிய இசைத்தட்டு நிறுவனங்களின் வழியே வளர்ந்து, 1990களின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவியது. இவ்வகைப் பாடல்கள் பல, செய்தியை நேராகக் கூறாமல் துண்டுக் காட்சிகளாகவும் குறிப்புகளாகவும் கூறுகின்றன. ஆகவே ஒரே பாடலுக்கு ஒன்றுக்கொன்று முரணான விளக்கங்கள் வழங்குகின்றன. பாடல் பிறந்த வட்டாரம், அதைத் தூண்டிய நிகழ்வு, அதில் பேசுபவர் யார் என்பது ஆகியவற்றை அறிந்தால், பாடலுக்கு உரிய பொருளையும் கேட்பவர் ஏற்றிக் கூறும் பொருளையும் பிரித்தறியலாம்.

பொருள் தெளிவின்மைக்கான காரணங்கள்

முதற் காரணம், சொற்களே தெளிவாகக் கேட்காமை. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்.ஈ.எம். குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப், 1983ஆம் ஆண்டு வெளிவந்த 'மர்மர்' தொகுப்பில் பல சொற்களை முணுமுணுப்பாகவே பாடினார். ஒரு தொகுப்பின் வரிகள் முழுவதையும் இக்குழு முதன்முதலில் அச்சிட்டது 1998இல் வெளியான 'அப்' தொகுப்பில்தான். நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' (1991) தொகுப்பின் உறையிலும் வரிகள் முழுமையாகத் தரப்படவில்லை. கேட்பவர்கள் தங்கள் காதில் விழுந்ததைக் கொண்டே பொருள் கண்டனர்.

இரண்டாவது காரணம், இயற்றும் முறை. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தம் குறிப்பேடுகளில் வெவ்வேறு காலங்களில் எழுதிய கவிதை அடிகளை ஒன்றுசேர்த்துப் பாடலாக்குவதுண்டு. அத்தகைய பாடலில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதையைத் தேடுவது பயன் தராது.

வட்டாரச் சொல்வழக்கு

ஆர்.ஈ.எம். குழு 1991இல் வெளியிட்ட 'லூசிங் மை ரிலிஜன்' என்ற பாடலின் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'என் மதத்தை இழக்கிறேன்' என்று வரும். எனவே பலர் இதை இறைநம்பிக்கை பற்றிய பாடலாகக் கொண்டனர். ஆனால் அத்தொடர் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பேச்சுவழக்கு. பொறுமையின் எல்லையைக் கடந்து நிதானம் இழப்பதை அது குறிக்கும். தாம் விரும்புபவருக்குத் தம் மனம் தெரிந்துவிட்டதோ என்று தவிக்கும் ஒருதலைக் காதலே பாடலின் பொருள் என்று ஸ்டைப் விளக்கியுள்ளார்.

தவறான விளக்கம் பரவ, பாடலின் காணொளியும் ஒரு காரணமாயிற்று. இந்தியாவில் பிறந்த இயக்குநர் தார்செம் சிங் உருவாக்கிய அதில் சமயச் சார்பான உருவங்கள் நிறைந்திருந்தன. காட்சியும் பாடலும் வெவ்வேறு படைப்பாளிகளுடையவை என்பதால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றுக்குப் பொருள் கூறுவதில் எச்சரிக்கை தேவை.

தலைப்பின் பிறப்பு

நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' (1991) ஒரு தலைமுறையின் கலகக் குரலாகக் கருதப்பட்ட பாடல். 'பிகினி கில்' குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா, கோபேனின் அறைச் சுவரில் அவர்மீது 'டீன் ஸ்பிரிட்' மணம் வீசுவதாக எழுதியதிலிருந்து இத்தலைப்பு உருவானது. கோபேன் அதை இளைஞர் எழுச்சியைப் பற்றிய பாராட்டு என்று எண்ணினார். உண்மையில் அது இளம்பெண்களுக்கான ஒரு வியர்வை நாற்றம் நீக்கியின் வணிகப்பெயர். பாடல் வெளியான பின்னரே இது அவருக்குத் தெரிந்தது. எழுதியவரே தவறாகப் புரிந்துகொண்ட சொல்லிலிருந்தும் ஒரு பாடல் ஆழ்ந்த பொருளைப் பெற முடியும் என்பதற்கு இது சான்று.

வரலாற்று நிகழ்வு

அயர்லாந்தின் த கிரான்பெரீஸ் குழு 1994இல் வெளியிட்ட 'சாம்பி', பெயரளவில் நடைப்பிணத்தைக் குறிக்கும் பாடல். 1993 மார்ச் 20 அன்று இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் ஐரியக் குடியரசுப் படை குப்பைத் தொட்டிகளில் வைத்த குண்டுகள் வெடித்தன. 3 வயதுக் குழந்தை ஒன்றும் 12 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தனர். இதனால் வருந்திய பாடகி டொலோரஸ் ஓ'ரியார்டன் இப்பாடலை இயற்றினார். பாடலில் குறிப்பிடப்படும் 1916, டப்ளினில் ஆங்கில ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி நிகழ்ந்த ஆண்டு. பழைய பகையைச் சிந்திக்காமல் சுமந்து செல்லும் மனமே இங்கு நடைப்பிணம். இந்த ஆண்டின் பொருள் தெரியாதவருக்குப் பாடலின் பாதிச் செய்தி கிட்டாது.

பாடலில் பேசும் 'நான்'

பாடலில் வரும் 'நான்' பாடகரே என்று கொள்வது பரவலான பிழை. 'நெவர்மைண்ட்' தொகுப்பிலுள்ள 'பாலி', 1987இல் அமெரிக்காவின் டகோமா நகரில் 14 வயதுச் சிறுமி கடத்தப்பட்ட நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது. அச்சிறுமி பின்னர் தப்பினாள். கோபேன் குற்றவாளியின் வாய்மொழியாகவே பாடலை அமைத்தார். அக்கொடுமையை அம்பலப்படுத்துவதே அவர் நோக்கம். ஆயினும் இருவர் இதே பாடலைப் பாடியபடி ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினர் என்பதை 'இன்செஸ்டிசைட்' (1992) தொகுப்பின் குறிப்பில் அவர் வேதனையுடன் பதிவு செய்தார். பொருளைத் தலைகீழாகக் கொள்வதன் விளைவு எவ்வளவு கொடியதாக இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

1994இல் கோபேன் தற்கொலை செய்துகொண்ட பின், அவருடைய பாடல்கள் அனைத்தையும் முன்னறிவிப்புகளாகப் படிக்கும் போக்கு எழுந்தது. முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் படித்தால் எந்த வரியும் சான்றுபோலத் தோன்றும்.

படைப்பாளரும் கேட்பவரும்

படைப்பாளரின் நோக்கத்தைக் கொண்டு படைப்பை மதிப்பிடக் கூடாது என்று விம்சாட், பியர்ட்ஸ்லி ஆகியோர் 1946இல் வாதிட்டனர். 1967இல் ரோலான் பார்த் 'ஆசிரியரின் மரணம்' என்ற கட்டுரையில் பொருளை உருவாக்கும் இடம் வாசகரே என்றார்.

பேர்ல் ஜாம் குழுவின் 'அலைவ்' (1991) இதற்குப் பொருத்தமான சான்று. தந்தை என்று நம்பியவர் வளர்ப்புத் தந்தையே என்றும், பெற்ற தந்தை இறந்துவிட்டார் என்றும் இளம் வயதில் அறிந்த எட்டி வெட்டர் அந்த அதிர்ச்சியிலிருந்து இதை எழுதினார். இது மூன்று பாடல்கள் கொண்ட கதையின் முதற்பகுதி. அடுத்த பகுதியான 'ஒன்ஸ்' பாடலில் நாயகன் கொலைகாரனாகிறான். 'ஃபுட்ஸ்டெப்ஸ்' பாடலில் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருக்கிறான். எனவே முதற்பாடலில் உயிரோடிருப்பது அவனுக்குச் சாபம். ஆனால் அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் அதை வாழ்வின் வெற்றியாகச் சேர்ந்து பாடினர். அவர்களே அப்பாடலின் பொருளை மாற்றித் தம்மை அச்சாபத்திலிருந்து விடுவித்ததாக வெட்டர் 2006இல் கூறினார்.

எல்லா மாற்றமும் இவ்வாறு வரவேற்கப்படுவதில்லை. 2023 ரக்பி உலகக்கோப்பையில் அயர்லாந்து இரசிகர்கள் 'சாம்பி' பாடலை வெற்றிப்பாட்டாகப் பாடியபோது, அது பொருத்தமானதா என்ற விவாதம் எழுந்தது. கேட்பவர் ஒரு பாடலுக்குப் புதுப்பொருள் தரலாம். எனினும் அதன் மூலப்பொருளை அறிந்தபின் தருவதும், அறியாமல் தருவதும் ஒன்றல்ல.