எந்தப் படத்தைப் பற்றி எழுதுவது?

உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை பயிலும் நம் மாணவரை, வெளிநாட்டுப் படம் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கட்டுரை எழுதி வருமாறு அண்மையிற் பணித்தோம். நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து நாள்தோறும் மலைச்சரிவிறங்கி வரும் பிள்ளைகள் அவர்கள். பணித்த மறுகணமே பின்வாங்கிலிருந்து ஒரு வினா எழுந்தது.

“சென்னையில எடுத்த படமும் வெளிநாட்டுப் படந்தானே, சேர்?”

வகுப்புச் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டப்படி அவன் சொன்னது சரியே. ஆயினும், பூட்டன்மார் புறப்பட்டு வந்த கரையையே இப்பிள்ளைகள் வெளிநாடு என்கின்றனர். உழைத்து வாழ்ந்த இந்நாடோ 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவர்தம் முன்னோரிற் பெரும்பாலாரை வெளியாராக்கியது. ‘வெளிநாடு’ என்பது இம்மலைகளில் அத்துணை இலேசான சொல்லன்று. மொழியும் நமதல்லாத படமாக இருக்கட்டும் என்று கூறி அப்பேச்சை முடித்தோம்.

ஒரு வாரத்தில் பட்டியல் வந்து சேர்ந்தது. பெரும்பாலானவை வெடியும் ஓட்டமும் நிறைந்த அமெரிக்கப் படங்கள். பார்த்து மகிழ அவை நல்லவையே. எழுத உட்கார்ந்தாலோ கதையைச் சொல்லி முடித்ததும் கட்டுரையும் முடிந்துவிடும். இன்னொன்றும் கண்டோம்: சிலர் படத்தைப் பாராமலே பெயரை எழுதித் தந்திருந்தனர்!

ஒரு மாணவி மட்டும் ‘எலிபன்ட் வோக்’ என்று குறித்திருந்தாள். 1954இல் வெளியான ஹொலிவூட் படம் அது. வில்லியம் டீட்டர்லே நெறிப்படுத்தியது. இலங்கையிலேயே அதன் காட்சிகள் பலவற்றைப் பிடித்தனர். நாயகியாக இங்கு வந்து நடித்த விவியன் லீ நோயுற்றதனால் எலிசபெத் டெய்லர் அவ்விடத்தை நிரப்பினார். தொலைவுக் காட்சிகள் சிலவற்றில் இன்றும் தெரிபவர் விவியன் லீயே என்பர். யானைகளின் பழைய வழியை மறித்துக் கட்டிய பங்களா, அதில் வாழ வரும் துரையின் இளம் மனைவி, கொள்ளைநோய், இறுதியில் பங்களாவைத் தகர்க்கும் யானைக் கூட்டம் என்று கதை போகும்.

“ஏன் அம்மா இதை எடுத்தாய்?” என்றோம்.

“தேயிலைத் தோட்டப் படம் சேர். எங்க அம்மா கொழுந்து எடுக்கிறவங்க. அதனாலதான்.”

“அம்மாவைப் போன்றவர்கள் படத்தில் என்ன பேசுகிறார்கள்?”

அவள் சற்றே யோசித்தாள். “பேச மாட்டாங்க சேர். தூரத்தில நிப்பாங்க.”

நம் மலைகளைக் காட்டுவதாற் படம் நம்முடையதாகிவிடாது என்பதை விளக்க இதுவே தருணம் என்று எண்ணினோம். அடுத்த கிழமை இத்தாலியப் படமான ‘துவிச்சக்கர வண்டித் திருடர்க’ளை வகுப்பில் திரையிட்டோம். 1948இல் விற்றோரியோ டி சிக்கா எடுத்தது அது. நாயகன் லம்பேர்த்தோ மஜியொரானி நடிகரல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. உரோம் நகரில் சுவரொட்டி ஒட்டும் வேலை ஒருவனுக்குக் கிடைக்கிறது, வேலைக்கு வண்டி வேண்டும், வண்டியோ அடகிலிருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கிறாள். வேலை தொடங்கிய முதல் நாளே வண்டி களவு போகிறது. பின்னர் தந்தையும் சிறுவன் புரூனோவும் நகரெங்கும் தேடி அலைவதே படம். 1950இல் இலண்டனில் இதனைக் கண்ட சத்தியஜித் ராய், தாமும் படமெடுப்பதென உறுதி பூண்டார். ‘பதேர் பாஞ்சாலி’ 1955இல் வந்தது.

அடகுக்கடைக் காட்சியைக் கவனியுங்கள். பணியாள் ஒருவன் அவர்களுடைய விரிப்பு மூட்டையைச் சுமந்து உயர்ந்த தட்டுகளின் மீது ஏறுகிறான். ஏற ஏற, அங்கே அடுக்கியிருக்கும் மூட்டைகள் நம் கண்ணுக்குத் தெரிய வருகின்றன. எத்தனை வீட்டு விரிப்புகள்! ஒரு சொல்லும் பேசாமல் ஒரு நகரத்தின் வறுமை முழுதும் தெரிந்துவிடுகிறது. வகுப்பு அமைதியாயிருந்தது. சென்னைப் படத்தைப் பற்றிக் கேட்ட அதே மாணவன் மெல்லச் சொன்னான்: “எங்க அம்மாவோட தோடும் நுவரெலியாவுல அப்படித்தான் இருக்கு சேர். திருவிழாவுக்கு முன்னுக்கு எடுக்கணும்.”

அன்று வேறெந்த விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. அவன் அக்காட்சி ஒன்றைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் மலிந்த கட்டுரைதான். எனினும் இவ்வாண்டு நாம் வாசித்தவற்றுள் சிறந்தது.

அம்மாணவியும் இத்தாலியப் படத்துக்கே மாறுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் மாறவில்லை. நமக்குச் சிறிது ஏமாற்றந்தான். வெளிக்காட்டாது காரணம் கேட்டோம்.

“அந்தப் படத்தில அவங்க வீட்டுக்குள்ள போய்ப் பார்க்கிறாங்க சேர். இதில லயத்துக்குள்ள யாரும் போகல்ல. அதைத்தான் எழுதப் போறேன்.”

கட்டுரை இன்னும் நம் கைக்கு வரவில்லை. கொழுந்தெடுக்கும் காட்சிகளை நிறுத்தி நிறுத்தித் தாயாருக்குக் காட்டுகிறாளாம். தாயார் வேலை முடிந்து திரும்பியபின், இரவிற்றான் அது இயலும் என்பதால் மேலும் ஒரு வாரம் தவணை கேட்டாள். கொடுத்திருக்கிறோம்.