ஓ.டி. கணக்குல ஒரு அடைப்புக்குறி: 3,000 ரூபாய் 750 ஆனது எப்படி?

திருப்பூர்ல ஷிப்மென்ட் வாரம்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். எட்டு மணி நேரம் முடிஞ்சாலும் இன்னொரு அரை ஷிப்ட், அதாவது 4 மணி நேரம், இருந்துட்டுத்தான் கிளம்பணும். அப்படி 5 நாள் இருந்தா 20 மணி நேரம் ஓ.டி. சம்பள ஸ்லிப்புல அதுக்கு 750 ரூபாய்னு வந்திருக்கு. சரியா, தப்பா?

பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து உங்களுக்கு 15,600 ரூபாய், வேற அலவன்ஸ் இல்லைன்னு வெச்சுக்குவோம். கம்பெனி மாசத்துக்கு 26 நாள் கணக்கு வெச்சிருக்கு. 26-ஆல வகுத்தா ஒரு நாள் சம்பளம் 600. அதை 8-ஆல வகுத்தா மணிக்கு 75. தொழிலாளிக்கு ஓ.டி. இரண்டு மடங்கு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே இருந்த விதி. ஆக மணிக்கு 150, மொத்தம் 3,000.

அப்புறம் 750 எங்கிருந்து வந்துச்சு? எக்செல்ல 15600/26/8*2 என்று இருக்க வேண்டிய இடத்துல, யாரோ 15600/26/(8*2) என்று அடைப்புக்குறி போட்டுட்டாங்க. பெருக்க வேண்டிய 2, வகுக்கப் போயிருச்சு. மணிக்கு 37.50. வர வேண்டியதுல கால் பங்கு!

ஸ்கூல்ல படிச்ச போட்மாஸ்ல ஒரு சிக்கல் உண்டு. வகுத்தல் முதல்ல, பெருக்கல் அப்புறம்னு நிறைய பேர் மனசுல பதிஞ்சிருக்கு. அப்படி இல்லை. ரெண்டும் சமம், இடமிருந்து வலமா எது முதல்ல வருதோ அதைச் செய்யணும். அடைப்புக்குறி இருந்தா மட்டும் அது முந்திக்கும்.

செல்போன்ல சரிபார்க்கும்போதும் கவனம். 26-ஐயும் 8-ஐயும் பெருக்கி வகுக்கலாம்னு நினைச்சு 15600÷26×8 என்று அடிச்சா 4,800 வரும். மணிக்கு 4,800 கிடைச்சா நாமளே ஒரு யூனிட் போட்டிருக்கலாம்! 15600÷(26÷8) என்றாலும் அதே 4,800தான். ஒரு பின்னத்தால வகுக்கிறதுன்னா அதைத் தலைகீழாக்கிப் பெருக்குறது. கீழே இருக்க வேண்டிய 8 மேலே ஏறிடுது.

அதனால பேப்பர்ல ஒரு கோடு போடுங்க. வகுக்கிற எண்கள் எல்லாம் கோட்டுக்குக் கீழே: 26×8 = 208. பெருக்குறது மேலே: 15,600×2 = 31,200. வகுத்தா 150.

கிராஜுவிட்டிக்கும் இதே கோடுதான். மேலே 15,600×15×7 வருஷம், கீழே 26. வர வேண்டியது 63,000. கீழே 30 போட்டிருந்தா 54,600தான் வரும். அந்த 8,400 ரூபாய்க்கு அடைப்புக்குறி காரணமில்லை, வகுத்த எண்ணே தப்பு. 1972 சட்டத்துல மாசச் சம்பளக்காரருக்குச் சொல்லியிருந்தது 26தான்.