ஜப்பான் காலத்து ஆல்பத்தைப் பிரிக்காதீர்கள்

பாலோ, பெக்கோக், லாபிஸ் வட்டாரத்துப் பழைய தோட்டக் குடும்பங்களில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் ஜப்பான்காரன் காலத்து நோட்டு நாலைந்தும், கறுப்புத் தாளில் ஒட்டிய படங்கள் கொஞ்சமும் கிடக்கும். "இந்த நோட்டு என்ன விலை போகும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டைக் கட்டுக்கட்டாக அச்சடித்தார்கள். அது இன்றும் எங்கும் கிடைக்கிறது. ஆல்பம் அப்படியல்ல. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

இந்தக் காலத்து ஆல்பங்களில் சந்தைக்கு அதிகம் வருபவை ஜப்பானியச் சிப்பாய்கள் நினைவுக்காகச் சேர்த்தவை. 1942 ஜனவரியில் கெமாஸ் சண்டைக்குப் பிறகு பாலோ வழியாகச் செல்லும் ரயில்பாதையை ஒட்டித்தான் ஒரு படை தெற்கே இறங்கியது. மாதக் கடைசியில் பிரிட்டிஷ் படை ஜோகூரை விட்டு சிங்கப்பூருக்குள் பின்வாங்கிவிட்டது. ஜெயித்தவன் கையில் கேமரா. அவன் பார்த்ததே படம்.

படத்தில் ஆண்டு பார்ப்பது சுலபம். 2602 என்று இருந்தால் பயந்துவிட வேண்டாம், அது ஜப்பானியரின் பேரரசு ஆண்டு. 660 கழித்தால் 1942. ஷோவா 18 என்றிருந்தால் 1925-ஐக் கூட்டுங்கள், 1943 வரும். 'ஷோனான்' என்ற பெயர் சிங்கப்பூரைக் குறிக்கும்.

நம்மவர் படங்கள்தான் அரிது. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியக் கைதி ஒளித்து வைத்திருந்த சிறு கேமராவில் எடுத்த படங்கள் பின்னாளில் புத்தகமாகவே வந்தன. நம் ஆட்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. ஆகவே, போனவர் போவதற்கு முன் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட ஒரு படம் வீட்டில் இருந்தால், சிப்பாய் ஆல்பம் பத்தைவிட அது பெரிது என்பேன். இந்திய தேசிய ராணுவச் சீருடைப் படத்துக்கும் இதே மரியாதை உண்டு.

வியாபாரி வந்தால் சீருடைப் படத்தை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார். அங்கேதான் நஷ்டம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், கீழே யார் எழுதியது, முதுகில் எந்தக் கடை முத்திரை என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது சரித்திரச் சான்று. தனிப்படம் வெறும் முகம்.

பசை, செலோடேப், லேமினேட் மூன்றும் ஆகாது. பிளாஸ்டிக் ஒட்டும் ஆல்பத்துக்கு மாற்றினால் சில வருடங்களில் படம் அதோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் காற்றோட்டமான அலமாரியே மருந்து. முதலில் பக்கம் பக்கமாக முழுசாகப் படம் எடுத்து வையுங்கள்.

சிங்கப்பூரில் லிம் ஷாவ் பின் என்ற சேகரிப்பாளர் தாம் தேடிச் சேர்த்த ஜப்பானிய வரைபடங்கள், அஞ்சலட்டைகள், ஆவணங்களைத் தேசிய நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும், வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் இந்த வாரமே ஆல்பத்தை அவர் மடியில் வையுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று அவர் சொல்வதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.