பின்னாலிருந்து தள்ளும் பாரம்

கண்டெய்னர் டிரெய்லரின் பிரேக் மலைச்சரிவில் திடீரென்று கைவிடுவது அபூர்வம். புறப்படும் இடத்திலேயே அது அடையாளம் காட்டிவிடுகிறது. பார்ப்பதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

மட்டாஞ்சேரியின் பஜார் ரோடு குறுகலான தெரு. மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகள் இருபுறமும் நெருக்கி நிற்க, சுமை இறக்கும் சின்ன லாரி ஒன்று நின்றாலே போக்குவரத்து தேங்கிவிடும். 40 அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லருக்கு இங்கே இடமில்லை. அதன் உலகம் காயலுக்கு அப்பால் இருக்கிறது. துறைமுகத்தை ஆழப்படுத்த ராபர்ட் பிரிஸ்டோ தோண்டிய மண்ணில் எழுந்த வில்லிங்டன் தீவில், மட்டாஞ்சேரியைப் பார்த்திருக்கும் கப்பல் துறைக்கு இன்றும் மட்டாஞ்சேரி வார்ஃப் என்றுதான் பெயர். 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்ட பிறகு கண்டெய்னர்கள் அங்கே இடம்பெயர்ந்தன. நாமக்கல், சங்ககிரி டிரைவர்களுக்கு இந்தத் துறைமுகச் சாலைகள் சொந்த ஊர்த் தெருக்கள் மாதிரி.

கொச்சி கடல் மட்டத்து ஊர். பாலங்களின் ஏற்ற இறக்கம் தவிர, டிரெய்லரின் பிரேக்குக்கு இங்கே பெரிய சோதனை எதுவும் இல்லை. கோளாறு இருந்தாலும் வண்டி நிற்கும்; வேகம் குறைவு என்பதால் டிரைவருக்கு அது உறைப்பதில்லை. உண்மை தெரிய வரும் இடம் வேறு. கொச்சியிலிருந்து பாலக்காடு, கோவை, சேலம் வழியாக பெங்களூர் சென்று, சரக்கோடு திரும்பும்போது குறுக்கிடுகிறது தர்மபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய். அங்கே சேலம் நோக்கி வரும் திசை முழுக்க இறக்கம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அந்த இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னால் சென்ற வாகனங்களில் மோதியதில், ஒவ்வொரு முறையும் 4 பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு வழக்கமாகக் காதில் விழும் வாக்கியம்: "பிரேக் பிடிக்கவில்லை." ஆனால் அது கதையின் கடைசி வரி. முதல் வரி எங்கோ முன்னாலேயே எழுதப்பட்டிருக்கும்.

டிரெய்லர் என்பது இரண்டு வண்டிகள். முன்னால் இழுப்பதை டிரைவர்கள் 'குதிரை' என்பார்கள். பின்னால் வருவதற்கு எஞ்சின் இல்லை, பிரேக் உண்டு. இரண்டையும் இணைப்பவை இரு காற்றுக் குழாய்கள். சிவப்புக் குழாய் டிரெய்லரின் டேங்கில் காற்றை நிரப்பி வைக்கிறது. மஞ்சள் குழாய், டிரைவர் பெடலை மிதித்த செய்தியைப் பின்னால் கொண்டு போகிறது. சிவப்புக் குழாய் அறுந்துபோனால் டிரெய்லர் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். காற்று இழப்பே பிரேக்காக மாற வேண்டும் என்ற இந்தத் தத்துவத்தை ரயில்களுக்காக 1870களில் கொண்டு வந்தவர் அமெரிக்கர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்.

ஆக, காற்று முழுவதும் போனால் வண்டி பெரும்பாலும் நின்றுவிடும். அதைவிட ஆபத்தானது அரைகுறை பிரேக். மீட்டர் முள் சரியாக நிற்கும். பெடலும் இயல்பாக இருக்கும். ஆறு சக்கரங்கள் செய்ய வேண்டிய வேலையை இரண்டு மட்டும் செய்துகொண்டிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க முதல் கருவி காது. எஞ்சினை நிறுத்தி, பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடி வைத்திருந்தால் முள் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போகக் கூடாது. இறங்கினால், வெளியே ஒருவர் நடந்து காது கொடுத்தால் 'புஸ்' சத்தம் இடத்தைக் காட்டிவிடும். குழாய் இணைப்பின் ரப்பர் வளையம், உரசித் தேய்ந்த ஹோஸ், கிழிந்த பூஸ்டர் டயாஃப்ரம் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். சந்தேகமிருந்தால் சோப்பு நீர் போதும். குமிழி பொய் சொல்லாது.

இரண்டாவது கருவி கை. சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கர டிரம்முக்கும் அருகே தொடாமல் கையைக் கொண்டு போக வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்தபடியே வருகிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது ஸ்லாக் அட்ஜஸ்டரை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கலாம். பலர் கவனிக்கத் தவறுவது குளிர்ந்த டிரம்மை. மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அந்தச் சக்கரம் வேலையே செய்யவில்லை. லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது சீல் கசிந்து கிரீஸ் படிந்திருக்கும்.

மூன்றாவது, டேங்கின் அடியிலுள்ள வடிகால். கொச்சி போன்ற ஈரக்காற்று ஊரில் கம்ப்ரசர் காற்றோடு நீராவியையும் உள்ளே அனுப்புகிறது. உலர்த்தியின் ஆயுள் முடிந்திருந்தால் டேங்கில் தண்ணீர் தேங்கும், காற்றுக்கான இடம் குறையும், வால்வுகள் துருப்பிடிக்கும். வடிகாலைத் திறந்தால் தண்ணீரோ எண்ணெயோ வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக இழுப்புச் சோதனை. டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டுவிட்டு முதல் கியரில் மெல்ல இழுத்தால் டிரெய்லர் அசையாமல் பிடிக்க வேண்டும். அசைந்தால் பயணம் வேண்டாம். அவசர நேரத்தில் குதிரை நிற்க, டிரெய்லர் தள்ள, வண்டி மடக்குக் கத்திபோல் மடங்கிவிடும்.

சரிவில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் பெரும்பகுதியை எஞ்சின் தாங்க வேண்டும். அதனால்தான் சிறிய கியரில் இறங்கச் சொல்கிறார்கள். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டால் பெரும்பாரமும் டிரம்கள் தலையில் விழும். சூடான டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். ஏற்கெனவே அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. அப்போதுதான் அந்தக் கடைசி வாக்கியம் பிறக்கிறது. சிவந்து புகையும் டிரம்மில் தண்ணீர் ஊற்றுவதும் தவறு, அது வெடித்துவிடலாம். கட்டை கொடுத்து நிறுத்தி, ஆறவிடுவதே வழி.

இத்தனைக்கும் புறப்படும் முன் செய்யும் சோதனை கால் மணி நேர வேலை. ஆனால் அந்தக் கால் மணிக்குக் கூலி இல்லை. டிரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் டிரைவருக்குக் கப்பல் நேரம், கேட் நேரம், முதலாளியின் போன் எல்லாம் முதுகில் நிற்கின்றன. குதிரை ஒருவருடையதாகவும் டிரெய்லர் வேறொருவருடையதாகவும் இருந்தால், லைனிங் மாற்றும் செலவு யாருடையது என்பதே தகராறு. கிழிந்த பூஸ்டருக்குப் போகும் குழாயை மடக்கிக் கட்டிவிட்டு, 'ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்புவது இப்படித்தான்.

விபத்து நடந்தால் சட்டம் முதலில் தேடுவது ஸ்டியரிங் பிடித்தவரை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான அதிகபட்சத் தண்டனையை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியிருக்கிறது. லைனிங் வாங்க மறுத்தவரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இடம்பெறுவது அரிது.

பிரேக்கைச் சோதிப்பது டிரைவரின் பொறுப்பு. பழுது தெரிந்தால், 'இந்த டிரெய்லரை எடுக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வேலையையும் இழக்காமல் இருப்பது அவருடைய உரிமை. பொறுப்பு மட்டும் இப்போது அவரிடம் இருக்கிறது.